நான் கூட்டி எழுதிய எண்கள்

தம்பி,

போன ஞாயிறு தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அம்மா, பிரஷர் ஒவ்வொரு நாளும் எழுதுறியள்தானே? நான் வெளிக்கிட்ட பிறகு எழுதினதை அனுப்புங்கோ. போன வருசத்தையும் சேர்த்து ஒரே வரைபாக் கீறிப் பாப்பம்" என்றாய். "ஓம் ராசா, அனுப்புறன்" என்றேன். பிறகு அந்த ஊர்க் குளிரைப் பற்றியும் உன் அறைத் தோழனின் சமையலைப் பற்றியும் கேட்டுப் பேச்சைத் திருப்பிவிட்டேன். தொலைபேசியை வைத்தபின் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். நீ கேட்டபடி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வரைபு கீற முடியாது. நீ போன பிறகு எழுதியவை மெய்யான எண்கள். போன வருடம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளில் இருந்தவை அப்படியல்ல. அவற்றை நான் கூட்டி எழுதினேன். தெரிந்துகொண்டேதான் எழுதினேன்.

ஏன் என்று சொல்வதற்கு நீ பத்து மாதக் குழந்தையாக இருந்த நாட்களுக்குப் போக வேண்டும். அப்போது நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தோம். எண்பத்துமூன்று ஆடியில், அந்தத் திங்கட்கிழமை காலை, உன் அப்பா வழமைபோல் வேலைக்கு வெளிக்கிட்டார். பொரளைப் பக்கம் ஏதோ குழப்பமாம் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். "மத்தியானத்துக்குள்ள வந்திடுவன்" என்றார். நான் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அன்றே தமிழரைத் தேடித்தேடி அடிக்கவும் எரிக்கவும் தொடங்கினார்கள். அவர் மூன்றாம் நாள்தான் வந்தார். கூட வேலைசெய்த சிங்களவர் ஒருவர் களனியில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியிருந்தார். அந்த மூன்று நாளும் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, நீ அழுதுவிடக் கூடாது என்று பயந்து பயந்து பால் கொடுத்துக்கொண்டு, நான் ஒன்றையே நினைத்தேன்: போகாதேயுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. உன் அப்பா அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் இருந்து, நெஞ்சுவலி வந்து தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். ஆனால் சொல்லாமல் விட்ட அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை.

போன வருடம், இப்போதைய வீட்டுக்கு எதிர்ப் பிளாட்டில் இருக்கிற ரூபனைப் பொலிஸ்காரர் பிடித்தார்கள். கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது இறக்கினார்கள். உன் அலுவலகத்துக்கு நாலு கட்டடம் தள்ளித்தான் அவனுடையதும். அவனுடைய அடையாள அட்டையிலும் உன்னுடையதைப் போலவே பருத்தித்துறை என்று பிறந்த இடம் இருந்தது; வடக்கில் பிறந்த தமிழ்ப் பெடியன் என்றாலே அவர்களுக்குச் சந்தேகம். உன்னைப் பெறுவதற்கு நான் அங்கே என் அம்மாவிடம் போனது இப்படி உன் அட்டையில் ஏறி நிற்கும் என்று யார் கண்டது! பதினொரு நாள் கழித்து அவனை விட்டார்கள். அவன் தாய் சாந்தி அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வந்திட்டான் பாருங்கோ, வந்திட்டான்" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னாள். அவன் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நான் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. அடுத்த நாள் காலை நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாய். நான் வாயைத் திறந்தேன். "போகாதை" என்றால் நீ சிரித்துவிட்டுப் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு முதல் பத்துத் தடவை அப்படித்தான் போயிருக்கிறாய்.

அந்தக் கிழமைதான் டொக்டர் நஸீமா என்னைச் சோதித்தார். காலி வீதியில் டிஸ்பென்சரி வைத்திருக்கிறவர், மாளிகாவத்தைக்காரி, உனக்குத் தெரியும். "கொஞ்சம் கூடத்தான் ஈக்கிது. பயப்பட ஒண்டுமில்ல. மெஷின் ஒண்டு வாங்கி வெச்சி காலயிலயும் அந்தியிலயும் பாத்து எழுதுங்க" என்றார். நீ அன்றைக்கே வாங்கிவந்தாய். பட்டியைக் கையில் கட்டிப் பொத்தானை அழுத்தினால் உறுமி உறுமி எண் காட்டுகிற மெஷின். முதல் காலை நூற்று முப்பத்தெட்டு காட்டியது. நான் பேனையை எடுத்தேன். நூற்று அறுபத்தெட்டு என்று எழுதினேன். ஓர் இலக்கத்தைத்தான் மாற்றினேன். அன்று நீ வேலைக்கு அரை நாள் லீவு போட்டாய்.

அதற்குப் பிறகு அது சுலபமாகிவிட்டது. முப்பது வருடம் கப்பல் கம்பனியில் தட்டச்சு செய்தவள் நான். தாளைத் துப்புரவாக வைத்திருக்கத் தெரியும். டொக்டருக்குக் காட்ட மெய்யான தாள் ஒன்று கைப்பைக்குள் இருந்தது. உனக்குக் காட்ட மற்றது குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. நீ அளந்து பார்க்க வந்தால், "நீ பக்கத்தில நிண்டா ஏறுது, விடு" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். என்னைத் தனியே விடக் கூடாது என்று டொக்டர் சொன்னதாகவும் ஒரு நாள் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. ஒரு மாதத்தில் நீ வேலையை விட்டாய். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து முதல்தடவை இடம் கிடைத்துக் கடிதம் வந்தபோது, "அடுத்த வருசம் பாப்பம் அம்மா" என்று மடித்து வைத்தாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பெரிய நிம்மதி வந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

நீ வேலையை விட்ட இரண்டாம் மாதம், உன் சிநேகிதன் ஒருவன் கொண்டுவந்து தந்த சீடியிலிருந்து, கணக்குப் போட்டு வரைபு கீறுகிற அந்த நோட்புக்கைக் கணினியில் ஏற்றினாய். கடலைப் பார்த்த யன்னலைச் சாத்திவிட்டு (அதைத் திறந்து வைத்தால் ரெயில் பாதையில் நிற்கிற காவலுக்கு நீ தெரிவாய்) நாள் முழுக்க அதற்கு முன்னால் இருந்தாய். ஒரு பின்னேரம், "அம்மா, நீங்கள் என்னைவிட வேகமா அடிப்பியள். வாங்கோ, நம்பரை நீங்கள் அடியுங்கோ" என்று கூப்பிட்டாய். திரையில் நீளமான வெறும் பெட்டி ஒன்று இருந்தது. மேல் பெட்டியில் ஒரு வரி அடிக்கச் சொன்னாய். அது கீறுகிற சாமான்களைக் கூப்பிடுகிற வரி என்றாய். ஷிப்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தச் சொன்னாய். ஒன்றும் நடக்கவில்லை. "ஒண்டும் நடக்காட்டி நல்லது. பிழை எண்டால்தான் சிவப்பா ஏசும்" என்றாய். அடுத்த பெட்டியில் சதுர அடைப்புக்குள் எண்களை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காற்புள்ளி வைத்து அடித்தேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போய் அது சிவப்பாக ஏசியது. திருத்தினேன். மூன்றாவது பெட்டியில் பிளொட், அதாவது கீறு, என்று ஆங்கிலத்தில் எழுதி, அடைப்புக்குள் அந்த எண்களுக்கு நாங்கள் வைத்த பெயரை எழுதி அழுத்தினேன். பெட்டிக்குக் கீழே ஒரு படம் வந்தது. ஒரு கோடு, நிலத்தில் கிடந்து ஒரேயடியாக வானத்துக்குப் போய் விழுந்தது. நூற்று எழுபதுக்குப் பதில் ஆயிரத்து எழுநூறு அடித்திருந்தேன். "அம்மா, இந்தப் பிரஷருக்கு நீங்கள் வெடிச்சிருக்க வேணும்" என்று நீ சிரித்தாய். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். என் பொய்களை நானே விரல் நோக அடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதைத் திருத்தியபின் கோடு மலையும் பள்ளமுமாக வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. "இவ்வளவு ஏறி இறங்குதோ?" என்றேன். பக்கத்து அளவுகோலைக் காட்டினாய். அது நூற்று ஐம்பதில் தொடங்கி நூற்று எண்பதில் முடிந்திருந்தது. "இது தானாப் போட்டுக்கொண்ட எல்லை அம்மா. சின்ன ஏற்ற இறக்கத்தையும் பெருசாக் காட்டும். முதல்ல இதைப் பார்த்துப்போட்டுத்தான் கோட்டைப் பார்க்க வேணும்" என்று சொல்லி, இன்னொரு வரி அடித்து எல்லையைப் பூச்சியத்திலிருந்து இருநூறு வரை ஆக்கினாய். மலைகள் படுத்துவிட்டன. அதே எண்கள்தான். நான் தாளில் செய்ததை இந்த இயந்திரம் எண்ணைத் தொடாமலே செய்கிறதே என்று நினைத்தேன். பிறகு நீ கோட்டில் விரலை வைத்துக் கேட்டாய்:

"ஏனம்மா சனி, ஞாயிறு மட்டும் குறைஞ்சிருக்கு? நான் வேலைக்குப் போன நாளில பாருங்கோ, ஒவ்வொரு கிழமையும் இப்பிடித்தான்."

"நீ வீட்டில நிக்கிறதால" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

நீ திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். கொஞ்சநேரத்தில் நான் சோறு போட எழும்பிப் போனேன்.

அடுத்த மாதம் ரவுண்ட் அப் வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். விடிந்து சரியாக வெளிச்சம் வரமுதல் ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு வீடுவீடாக ஏறினார்கள். எங்களிடம் ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு ஆமிக்காரரும் வந்தார்கள். வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிந்த பதிவுத் தாளையும் அடையாள அட்டைகளையும் நீட்டினேன். அதிகாரி உன் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தார். "ரஸ்ஸாவக் நெத்த?" என்று கேட்டார், வேலை இல்லையா என்று. இருபத்தைந்து வயதுப் பெடியன் பகல் முழுக்க வீட்டுக்குள் இருக்கிறான் என்றால் அவர்களுக்கு அது ஒரு கேள்விதானே. நீ அமைதியாக, "அம்மாட்ட சனீப நே, சேர்" என்று சொல்லி, கணினியைத் திருப்பி அந்த வரைபைக் காட்டினாய். அம்மாவுக்குச் சுகமில்லை, பிரஷர் கூட, பார்க்க வேறு ஆள் இல்லை என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினாய். அதிகாரி குனிந்து பார்த்தார். மருந்துப் பைக்கற்றுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் அப்போது நிச்சயமாக இருநூறு தெரிந்திருக்கும். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குக் கீழ் மாடியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து அந்தத் தாளை என்னால் கைவிடவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நீ வெளியே போவாய். சொல்லாமல் விட்டால் உள்ளேயே இருப்பாய். நான் எண்களை எழுதிக்கொண்டே போனேன்.

அதை நிறுத்தவைத்தது உன் சப்பாத்து, தம்பி. ஒரு நாள் கதவுக்குப் பின்னால் கூட்டும்போது எடுத்துப் பார்த்தேன். கடல்காற்றுக்கு உள்ளே பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஏழு மாதம் அதற்குள் ஒரு கால் போகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, நீ அன்று காலை செருப்போடு ஒழுங்கைக் கடைக்குப் பாண் வாங்கப் போய், முனையில் செக்கிங் என்று வெறுங்கையோடு திரும்பிவந்து, முகம் கழுவிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது நினைவுக்கு வந்தது. ரூபனைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். நான் உன்னை ஏழு மாதம் வைத்திருந்தேன். அவன் பார்த்த மாதிரியே நீயும் சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தாய், உன் சுவரில் மட்டும் ஒரு திரை இருந்தது. சப்பாத்தைத் துடைத்து வெயிலில் வைத்தேன். அடுத்த கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. நீ அதை வாசித்துவிட்டு விசைப்பலகைக்குக் கீழே வைத்தாய். அன்று பின்னேரம் நான் தாளில் நூற்று எழுபது என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து நூற்று அறுபத்தாறு. பிறகு நூற்று அறுபது. ஒரேயடியாக இறக்கினால் நம்ப மாட்டாய் என்று தெரியும். "இறங்குது அம்மா, புதுக் குளிசை வேலை செய்யுது" என்றாய். புதுக் குளிசை ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் மெஷினில் எண் உண்மையாகவே ஏறிக்கொண்டிருந்தது. நீ விமான நிலையத்துக்கு வெளிக்கிட்ட காலை எனக்கு நூற்று எண்பத்திரண்டு. நான் நூற்று முப்பத்திரண்டு என்று எழுதி உன்னிடம் காட்டினேன். நீ தாளைப் பார்த்தாய், என் நெற்றியில் முத்தமிட்டாய், போனாய்.

இவ்வளவையும் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆனால் பாதி எழுதியபோது, சும்மா மன்னிப்புக் கேட்பதைவிட மெய்யான எண்களை நானே கீறி அனுப்புவோம் என்று நினைத்து உன் கணினியைத் திறந்தேன். நோட்புக்குகளின் பட்டியலில் எங்கள் வரைபுக்குக் கீழே, அம்மா இரண்டு என்று பெயர் வைத்த ஒன்று கிடந்தது. முதலில் நடுப் பெட்டியைத்தான் அழுத்தினேன். பெயர் தெரியாது என்று சிவப்பாக ஏசியது. மேலிருந்து ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் நினைவிருக்காது என்று நீ சொன்னது ஞாபகம் வந்து, மேலிருந்து வந்தேன். கடைசிப் பெட்டிக்குக் கீழே இரண்டு கோடுகள் வந்தன. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. சிவப்பு என் தாள். நீலம், அதற்கு நன்றாகக் கீழே, வேறு எண்கள். நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று முப்பத்தாறு. மொத்தம் அறுபது புள்ளி. மெஷினை எடுத்துப் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். கடைசியாக அளந்த அறுபதையும் அது தனக்குள் வைத்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. அம்மா இரண்டை நீ எழுதிய திகதியைப் பார்த்தேன். சனி, ஞாயிறைப் பற்றி நீ கேட்டதற்கு அடுத்த நாள்.

ஆக, அதிகாரிக்கு நீ வரைபைத் திருப்பிக் காட்டியபோது அது பொய் என்று தெரிந்தே காட்டியிருக்கிறாய். கடைசிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்: அம்மாவிடம் கேட்கக் கூடாது. அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் நான் இந்தக் கடிதத்தைத் தொடவில்லை. என்னை வெட்கப்படுத்தக் கூடாது என்று நினைத்தாயா? அல்லது உனக்கும் பயமாக இருந்ததா? ரூபன் வந்து இருந்த இருப்பை நீயும்தான் பார்த்தாய். பயம் என்று நீ ஒருவருக்கும் சொல்லமாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லலாம். நான் உன்னைப் பூட்டினேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நீ திறப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே உள்ளே இருந்திருக்கிறாய். இதில் யார் யாரை வைத்திருந்தோம் என்று எனக்கு இப்போது விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு நீ ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய், பிள்ளைகள் வரும். அவர்களில் யாராவது உனக்கு இப்படி ஒரு தாள் எழுதி ஒட்டினால், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று கேள். நீ அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், உன்னோடு சண்டை பிடித்திருப்பேன், ஆனால் ஏழு மாதம் போயிருக்காது.

நீலக் கோடு அந்த அறுபது புள்ளியோடு நிற்கிறது. பிறகு நீ மெஷினைப் பார்க்கவில்லை. அதனால் நான் இறக்கி எழுதியது உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இப்போது தெரியும். கோபம் வரும். வரட்டும்.

கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், காலி வீதிக் கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்தது. நீ போன நாளிலிருந்து இன்று வரை, காலையும் பின்னேரமும், ஒன்றையும் தொடாமல் நானே அடித்துக் கீறியது. எல்லை பூச்சியத்திலிருந்து இருநூறு. தலைப்புப் போடத் தெரியாமல் அரை நாள் போயிற்று. மேற்கோள் குறி ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தேன். முதல் பத்து நாளும் உயரத்தில்தான் நிற்கிறது. பதினோராம் நாள் அந்த எண்களை டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதத் தான் முந்தியே கொண்டுவந்து ஈக்கணும்" என்று ஏசிவிட்டு, இந்தத் தடவை மெய்யாகவே குளிசையை மாற்றினார். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முழுக்க இறங்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடாதே. போன வருடத்து எண்களை நீ இருக்க வேண்டும் என்று எழுதினேன், பிறகு நீ போக வேண்டும் என்று எழுதினேன். இவற்றை, நீ ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. பார், தெரிந்துகொள், உன் வேலையைப் பார்.

இன்று காலையும் வந்தார்கள். அதே அதிகாரி அல்ல, இளம் ஆள். பதிவுத் தாளில் உன் பெயரில் விரலை வைத்து, "புத்தா கோ?" என்று கேட்டான், மகன் எங்கே என்று. "ரட கியா" என்றேன். வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அவன் உன் அறைக்குள் எட்டிப் பார்த்தான், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தான், அலுமாரியைத் திறந்தான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் அவர்கள் எடுத்துக்கொண்டு போக இனி ஒன்றுமில்லை. அவர்கள் படியிறங்கியதும் பட்டியைக் கையில் கட்டினேன். நூற்று நாற்பத்தாறு. அந்தப் புள்ளியையும் சேர்த்த பிறகுதான் அச்செடுத்தேன்.

அம்மா